குத்துவிளக்கை எந்தப் பக்கம் வைப்பது?

போன வெள்ளிக்கிழமை திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். நான் இன்னும் நிதானத்துக்கு வரவில்லை. எழுத்தில் நடுக்கம் தெரிந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகள் கமலாவுக்குச் சின்ன வயதில் ஒரு விஷக் காய்ச்சல். உயிர் பிழைத்தாள், இடது காது கேட்காமல் போய்விட்டது. விஷயம் தெரிந்த வரன்களெல்லாம் வந்த வழியே திரும்பின. இப்போது வந்தவர் விழுப்புரம் ஜங்ஷனில் குமாஸ்தா. இவரையும் விட்டால்? யுத்த காலத்தில் மண்ணெண்ணெய்கூடக் கிடைத்துவிடும்... மாப்பிள்ளை கிடைப்பாரா?

நாங்கள் தெய்வபக்தி உள்ள குடும்பம். பொய் சொல்ல மாட்டோம். கேட்டால்தானே பொய் சொல்ல வேண்டும்? கேட்காதபடி ஏற்பாடு செய்துவிட்டால் பாவமே இல்லையே!

ஏற்பாட்டைச் சொன்னவர் தரகர் வீராசாமி. கமலாவின் இடது பக்கம் குத்துவிளக்கை ஏற்றி வைத்துவிட வேண்டும். விளக்கை ஒட்டி யாரும் உட்கார மாட்டார்கள். எல்லோரும் வலது பக்கமே உட்காருவார்கள். மங்களத்துக்கு மங்களம், மறைப்புக்கு மறைப்பு. ஒரே விளக்கில் இரண்டு வேலை — எண்ணெய் விற்கிற விலைக்கு இது சிக்கனம்தான்.

வந்தார்கள். எல்லோரும் வலது பக்கமே உட்கார்ந்தார்கள். எனக்கு மூச்சு வந்தது.

பிள்ளையின் தாயார் மட்டும் எங்களைவிடப் பக்தி அதிகமானவர். விளக்குத் திரி மங்குவதைப் பார்த்துவிட்டார். எழுந்து போய்த் திரியைத் தூண்டி, அங்கேயே உட்கார்ந்து, கமலாவின் இடது காதருகே மெதுவாக ஏதோ கேட்டார்.

கமலா பேசாமல் இருந்தாள்.

பெண்ணுக்கு வெட்கம் என்று வீராசாமி அவசரமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. சமையலறைப் பக்கம் போய்விட்டாள். கமலா மட்டும் நிதானமாகத் தலையைத் திருப்பினாள்.

"வெக்கம் இல்லீங்க. எனக்கு இந்தக் காது கேக்காது. அந்தப் பக்கமா வந்து கேளுங்க."

வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிற பெண். நாங்களும்தான் போகிறோம். உண்மை பேசும் வியாதி எங்களுக்கு ஒட்டவில்லையே!

 அந்த அம்மாள் எழுந்து மறுபக்கம் வந்து உட்கார்ந்தார். "கேப்பங்களி கிண்டத் தெரியுமான்னு கேட்டேம்மா" என்றார்.

"தெரியும்ங்க. ஆனா கட்டி விழும்."

இதையாவது மறைத்திருக்கக் கூடாதா? காதைப் பற்றித்தான் சத்தியம், களிக்குமா சத்தியம்?

காப்பி குடித்தார்கள். சம்மதம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை திருவக்கரை அம்மனிடம் பூ கட்டிப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். சந்நிதியில் ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ என்று இரண்டு பொட்டலம் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளைப் பூ வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் இல்லை.

வீராசாமி மட்டும் பின்தங்கினார்.

"ஐயா, பேஜாரு ஆயிடுச்சேன்னு பார்க்காதீங்க. அந்தப் பூசாரி நமக்கு வேண்டியவரு. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே வெச்சிடலாம். நீங்க தலையை மட்டும் ஆட்டுங்க."

நம்புங்கள், என் தலை பாதி ஆடிவிட்டது. பெற்றவன் தலை அப்படித்தான் ஆடும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். ஆனால் அம்மன் வாயிலும் ஒரு பொய்யைத் திணிக்கச் சொன்னவர்கள் யாருமில்லை. உள்ளே கமலா காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்ப்பா வீராசாமி. அவங்க கட்டுறபடி கட்டட்டும்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"பொண்ணு மாதிரியே நீங்களும் ஆயிட்டீங்களே" என்று இரக்கத்தோடு சொல்லிவிட்டு அவர் போனார்.

இதை எழுதும்போது செவ்வாய்க்கிழமை மத்தியானம். திருவக்கரையில் இந்நேரம் பொட்டலத்தைப் பிரித்திருப்பார்கள். வெள்ளையா, சிவப்பா? வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

அம்மனை நம்புகிறேன் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நிஜமாக நம்புவது போன வெள்ளிக்கிழமையிலிருந்துதான் — ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, ஐயா!