மஞ்சள் கிரேனை நம்பி வழிதவறினோம்: பெரியகல்லாற்றிலிருந்து லூசேர்ன் ஏரி வரை

யுத்தம் முடிந்த மறுவருடம், ஆனி கடைசியில், நானும் என் மனைவி தங்கமும் சுவிஸுக்குப் போனோம். எழுபத்து மூன்று நாள் இருந்துவிட்டு வந்தோம். இப்போது எங்கள் பக்கத்தில் பலபேர் பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போக விசாவுக்கு ஓடித் திரிகிறார்கள். போய் வந்தவன் என்று என்னிடம் கேட்கவும் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட ஒரே தரமாகச் சொல்லிவிடலாம் என்று இதைச் சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது, நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். மணிக்கணக்கும் தூரமும் காசும் ஒன்றும் பிசகாது. கடுதாசியில் எழுதி வைக்காதவனுக்கு எல்லாம் தலைக்குள்தான் இருக்கும்.

போன காரணத்தைச் சொல்ல வேண்டும். மகன் ரவி பத்தொன்பது வயதில் போனவன், பதினாலு வருடம் நாங்கள் முகம் காணவில்லை. அது ஒன்று. மற்றது தங்கத்தின் பயம். பெரியகல்லாறு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நாங்கள் ஆறு என்று சொல்லும் வாவி, நடுவில் ஒடுங்கிய ஊர். சுனாமி வந்த அன்று பறுவம், முழுநிலா நாள். அவள் விரதம் என்று வீட்டில் நின்றுவிட்டாள். மற்ற நாளென்றால் என்னோடு தோணியில் இருந்திருப்பாள். கடல் வீட்டைப் பிடுங்கி, ஊரைக் கடந்து, அவளையும் கொண்டுவந்து வாவிக்குள் போட்டது. தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கும் ஒரு கண்ணா மரத்தைக் கட்டிப் பிடித்தபடி கிடந்தவளை நான்தான் தோணியில் தூக்கிப் போட்டேன். அதற்குப் பிறகு அவள் தோணியில் கால் வைத்ததில்லை. பஸ் பாலத்தில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்வாள்.

ஆகவே ரவி கூப்பிட்டபோது அவள் சொன்னது இதுதான்: "வந்தா வந்ததுதான் மனே. நான் திரும்பிப் போற எண்ணத்தில வரல்ல." அங்கேயே இருப்பதற்கு விண்ணப்பம் போட ஒரு வழி இருப்பதாக ரவியும் விசாரித்து வைத்திருந்தான். எனக்கோ வாவியை விட்டால் வேறு வேலை தெரியாது. ஆனால் அவளிடம் "திரும்பி ஊருக்கு வா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடல் தூக்கிக்கொண்டு போனது என்னையல்லவே. போவோம், மூன்று மாத விசா முடிவதற்குள் அவளே முடிவெடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனிப் பயணம். பெரியகல்லாற்றிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். காலை ரயிலில் ஏறினால் கொழும்பு கோட்டைக்கு ஒன்பதரை மணித்தியாலம், அதுவும் அது நல்ல மனதோடு ஓடினால். வெலிக்கந்தைப் பக்கம் யானை நிற்கிறது என்று எங்களை நாற்பது நிமிடம் நிறுத்தி வைத்தார்கள். விசாவுக்காக ஏற்கெனவே இரண்டு தரம் கொழும்பு போய் வந்திருந்தோம். விமானச் சீட்டு ஆளுக்குத் தொண்ணூறாயிரம் ரூபாய், மகன் எடுத்தது. டோகாவில் இறங்கி ஏறுவதற்கு மூன்றரை மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். அங்கே குளிர் எலும்பைத் தொடும், போர்வையைக் கைப்பையில் வையுங்கள். சூரிச்சில் இறங்கியபோது காலை ஒன்பதுக்குக் கிட்ட. ரவி நின்றான். தலையில் முடி பாதி இல்லை. தங்கம் அவன் தலையைத் தடவிப் பார்த்து, "இதுக்காடா உன்ன அனுப்பினன்?" என்று அழுதாள். பிறகு சிரித்தாள்.

ரவியின் ஊர் லூசேர்ன் நகரத்துக்கு எதிரே, ஏரிக்கரையில் இருக்கிறது. நகரத்திலிருந்து காரில் அரை மணித்தியாலம். வீட்டு யன்னலைத் திறந்தால் ஏரி, பின்பக்கம் மலை, மலை உச்சியில் பெரிய கம்பம் ஒன்று. முதல் நாளே தங்கம் யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டாள். நான் அவள் தூங்கும் நேரம் பார்த்து இறங்கித் துறையடிக்குப் போய்விடுவேன். அங்கே நின்று மலையைப் பார்த்தால் கரையிலுள்ள தேவாலயக் கோபுரத்தின் தலைக்கு நேர் மேலே அந்தக் கம்பம் நிற்கும். நான் ஒன்றும் வேண்டுமென்று பார்க்கவில்லை, பழக்கம். வாவியில் எங்கள் தொழிலே அப்படித்தான். தண்ணீருக்கு நடுவே அடையாளம் வைக்க ஏலாது. ஆகையால் கரையில் முன்னால் ஒரு பொருள், பின்னால் ஒரு பொருள், இரண்டும் நேராக வரும் இடத்தைப் பிடிப்போம். அதற்குக் குறி என்று பேர். எங்களுக்கு ஒரு குழி இருந்தது, கோல் ஊன்றினால் அடி தொடாத ஆழம், கொடுவா மீன் கிடக்கும். கோயில் கோபுரமும் கடற்கரை இரட்டைத் தென்னையும் அதற்குக் குறி. நான் கோல் ஊன்ற, தோணி முனையில், முன்னணியத்தில் இருந்து குறி பார்ப்பவள் தங்கம். இருபத்தாறு வருடம் அப்படி. சுனாமி தென்னைகளைக் கொண்டுபோனது. தங்கமும் வருவதில்லை. பிறகு அந்தக் குழியை நான் கண்டுபிடிக்கவே இல்லை.

ஊர் சுற்றிய கதை நிறைய இருக்கிறது. மலைக்குப் பல்சக்கர ரயிலில் ஏறினோம். ஆடி மாதத்தில் பனி பார்த்தோம். தங்கம் ஒரு பிடி அள்ளி என் சட்டைக்குள் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல நின்றாள். ரைன் நீர்வீழ்ச்சிக்கும் போனோம். அங்கே மட்டும் அவள் தண்ணீருக்கு முதுகு காட்டி நின்று, வந்தவர்களின் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரவி என்னைப் பார்த்தான்.

நாற்பத்தொன்பதாம் நாள்தான் நான் சொல்ல வந்த நாள். ரவிக்கு நகரத்தில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை. காலை ஒன்பதரைக்கு ஆற்றோரம் ஒரு கார் நிறுத்துமிடத்தில் எங்களை இறக்கி, "நாலு மணிக்கு இதே இடத்துக்கு வாங்க. வழி தெரியாட்டி போன் அடியுங்க" என்றான். "நாப்பது வருசம் தண்ணிக்குள்ள வழி பாத்தவனுக்கு நீ வழி சொல்லுறியா?" என்று கேட்டேன். அந்த இடத்துக்கு ஒரு குறியும் பிடித்துக்கொண்டேன். கூரைகளுக்கு மேலே மஞ்சள் இரும்புக் கை ஒன்று நீண்டு நின்றது. அதன் நுனி, தூரத்து இரட்டைக் கூம்புத் தேவாலயத்தின் மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. அந்த இரண்டும் நேராக வந்தால் நாங்கள் இறங்கிய இடம்.

மரப்பாலத்தில் நடந்தோம். சந்தை பார்த்தோம். தக்காளிப்பழம் கிலோ நாலு பிராங்க் என்று கேட்டுத் தங்கம் கூடையை மெதுவாகத் திரும்ப வைத்தாள். ஒரு மரத்தடியில், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் மணம் பிடித்துத் திரும்பிப் பார்க்க, தங்கம் ஒரு பிடி நீட்டினாள். மனிதர் தின்றார், அழுதார், இன்னும் கேட்டார்.

மூன்றரைக்குத் திரும்பினோம். குறி இருக்கிறது, என்ன பயம்? இரும்புக் கையைத் தேடி, கூம்புகளோடு நேராக்கி நடந்தேன். நடக்க நடக்கத் தெரியாத தெருக்கள். ஒரு மேட்டில் ஏறிவிட்டோம். அங்கிருந்து பார்த்தால் அந்தக் கை மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது!

தங்கம் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இஞ்சாருங்க, உங்கட குறி நடக்குதே."

"அது கிரேன் புள்ள. வீடு கட்டுற சாமான்."

"அது எனக்கும் தெரியுது. காலைல தெரியல்லியா உங்களுக்கு?"

கல்லாற்றில் அந்த நாளில் ஏது கிரேன்? உயரமான பொருள் என்றால் நகராது என்பதுதான் நான் படித்த படிப்பு. "சரி, போன எடு, ரவிக்கு அடிப்பம்" என்றேன். அவள் முகம் மாறியது. போன் துலைந்துபோகும் என்று சீலையில் சுற்றி அலுமாரிக்குள் பத்திரமாக வைத்துவிட்டு வந்திருக்கிறாள். முகவரி எழுதிய துண்டும் அதோடுதான்.

"ரெண்டு பேரும் நல்ல சோடிதான்" என்றேன். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

இறக்கத்தைப் பிடித்து நடந்தால் தண்ணீர் வரும் என்பது மட்டும் எனக்கு நிச்சயம். ஐந்தரைக்கு ஏரிக்கரை வந்தோம். கப்பல் துறையில் சீட்டு விற்கும் பெண்ணிடம் ரவியின் ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவள் எதிரே நின்ற வெள்ளைக் கப்பலைக் காட்டி, விரலால் பத்து நிமிடம் என்றாள். ரயிலில் போனால் இறங்கி வேறு பஸ் ஏற வேண்டும், அது எங்களால் ஆகாது. ஆளுக்குப் பதினெட்டு பிராங்க். சீட்டோடு திரும்பினால் தங்கம் துறையின் தலைப்பிலேயே நிற்கிறாள்.

"நான் ஏற மாட்டன்."

"சரி. ஏறாத. அப்ப ரெண்டு பேரும் இஞ்ச நிப்பம்."

"புள்ள தேடுவான்."

"தேடட்டும். விடிஞ்சா எங்கயும் கண்டுபிடிப்பான்." உண்மையாகத்தான் சொன்னேன். கப்பல் ஊதியது. அவள் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். முன்னெல்லாம் தோணியில் ஏறுமுன் அப்படித்தான் செருகுவாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் தோலில் இறங்கியது. ஏறிவிட்டோம்.

கப்பல் ஒவ்வொரு துறையாக நின்று போகிறது. ஒலிபெருக்கியில் சொல்வது எங்களுக்கு விளங்கவில்லை. எங்கே இறங்குவது? கம்பமும் கோபுரமும்தான் வழி, இரண்டும் நேராகும் துறைதான் எங்களுடையது என்று தங்கத்திடம் சொன்னேன். தங்கம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். இரண்டு துறை கழிந்தது. மூன்றாவதில் கூர்க் கோபுரம் ஒன்றும் அதன் மேலே கம்பமும் தெரிந்தன. நான் எழும்பி, "வா, இறங்குவம்" என்றேன்.

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு மற்றதையும். கம்பியைப் பிடித்தபடி எழும்பி, கழுத்தை ஒரு பக்கம் சரித்துப் பார்த்தாள். ஐந்தரை வருடமாக நான் காணாத பார்வை.

"எங்க போறீங்க? கம்பம் கோபுரத்துக்கு இடப்பக்கம் நிக்குது."

"கொஞ்சந்தானே."

"கொஞ்சமா? நாலு வலை தூரம். இரிங்க சும்மா."

இருந்தேன். அவள் இருக்கவில்லை. கம்பியோரம் நின்று தண்ணீருக்கு மேலாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். அடுத்த துறையில் இன்னொரு கோபுரம் வந்தது, கம்பம் மெல்ல நகர்ந்து அதன் தலையில் ஏறி உட்கார்ந்தது. "இப்ப" என்றாள். இறங்கினோம். ரவியின் ஊர்தான். ஆறே முக்காலுக்கும் வெயில் இருந்தது.

வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறந்தால் போன் கத்திக்கொண்டிருக்கிறது. "அப்பா! பொலிசில சொல்லிட்டு நிக்கிறன், எங்க இரிக்கிறீங்க?" "வீட்டிலதான் மனே, நீ எங்க இரிக்கிறாய்?" என்றேன். அன்று வாங்கிய ஏச்சு இருபது நிமிடம்.

சாப்பிட்ட பிறகு அவன் விண்ணப்பக் கடுதாசிகளை மேசையில் வைத்தான். மறுநாள் அனுப்பலாம், அம்மா விரல் அடையாளம் வைத்தால் போதும் என்றான். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கம் கடுதாசியை அடுக்கி அவன் பக்கம் தள்ளினாள்.

"எடுத்து வை மனே. அப்பாக்குக் கண் பிடிக்கல்ல. ஒரு துறைக்கு முன்னுக்கே இறங்கப் பாத்த மனிசன். இவர நான் தனிய ஆத்துக்கு விட ஏலா."

ரவி என்னைப் பார்த்தான். நான் வேண்டுமென்று பிழை விட்டேனா என்று பிறகு தனியாகக் கேட்டான். சத்தியமாக இல்லை. எனக்கு அது சரியாகத்தான் தெரிந்தது.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கோடை என்றாலும் காலுறை ஆறு சோடி வேண்டும். மிளகாய்த்தூள் கொண்டுபோங்கள், பொதியை நன்றாகச் சுற்றுங்கள், எங்களுடையது டோகாவில் உடைந்து என் வேட்டி இன்றைக்கும் தும்மல் தரும். முகவரியைத் துணியில் எழுதி உடுப்பின் உள்பக்கம் தைத்துக்கொள்ளுங்கள். போன் கையில் இருக்கட்டும், அலுமாரி துலையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்க வெட்கப்பட வேண்டாம். கிரேனைக் குறியாகப் பிடிக்காதீர்கள். மனைவிக்குக் குறி பார்க்கத் தெரியுமென்றால் அவள் பேச்சைக் கேளுங்கள்.

வந்து நாலாம் நாள் காலை, நான் தோணியைத் தள்ளும்போது தங்கம் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து முன்னணியத்தில் ஏறினாள். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்திருந்தாள். பழைய தென்னை நின்ற பக்கத்தில் யுத்தம் முடிந்த கையோடு எழும்பிய போன் கோபுரம் ஒன்று நிற்கிறது. அவள் அதைப் பார்த்தாள், கோயில் கோபுரத்தைப் பார்த்தாள், கழுத்தைச் சரித்தாள். "அந்தால... இன்னும்... கொஞ்சம் பின்னுக்கு வாங்க... நில்லுங்க."

கோலை ஊன்றினேன். அடி தொடவில்லை.