செத்த காலேஜில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஆம்பூரில் ஒரு டேனரியில் நான் பார்க்கும் வேலைக்குப் பெயர் செலக்ஷன். பதனிட்ட ஆட்டுத்தோலை மேஜைமேல் விரித்து, ஓட்டை, கீறல், உண்ணி கடித்த தழும்பு எல்லாம் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது கழிசல் என்று பிரித்துப் போட வேண்டும். இந்த வேலைக்குத் தமிழில் ஒரு வார்த்தை இருக்கக்கூடும் என்று எங்கள் ஊரில் யாரும் நினைத்ததில்லை. செலக்ஷன் டேபிள், செலக்ஷன் ஆள், செலக்ஷன் டீ என்றுதான் பேச்சு. கடைசியாகச் சொன்னது, லோடு கிளம்பும் நாளில் எங்கள் மேஜைக்கு மட்டும் வரும் ஸ்பெஷல் டீ.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். நைனா அதே டேனரியில் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்கிறவர். அவர் கால் முட்டிவரைக்கும் வெந்து வெளுத்திருக்கும். நான் பி.யு.சி. முடித்து மேஜைக்கு வந்ததும் அம்மா தெரு முழுக்க, "எம் பையன் செலக்ஷன் ஆயிட்டான்" என்று சொல்லிவிட்டாள். போலீஸுக்கா மிலிட்டரிக்கா என்று விசாரித்து வந்தவர்களுக்கெல்லாம் தோலுக்கு என்று பதில் சொல்லி அலுத்துப்போனேன். ஆனாலும் உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். என் கை வேகம் அப்படி. ஒரு புரட்டு, ஒரு பார்வை, அடுத்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியிலிருந்து ஒரு டெலக்ஸ் வந்தது. முதல் தரம் என்று நாங்கள் அனுப்பிய லாட்டில் பாதிக்குமேல் மூன்றாம் தரம், மொத்தத்தையும் திருப்பி அனுப்பப்போகிறேன் என்று அங்கே வாங்கியவர் சொல்லியிருந்தார். அதைப் படித்த சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டார். இவர் பெரிய முதலாளியின் தம்பி, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

"நேர்ல போய்ப் பேசிடலாம். நீயும் வர்றே. பிரிச்சவன் நீ. இங்கிலீஷும் நீதான் பேசணும்."

"பாஸ்போர்ட் இல்ல பாய்."

"எடுத்துக்கலாம் பா. ஆனா ஒண்ணு. அந்த லாட் திரும்பி வந்துச்சின்னா, நீயும் திரும்பிப் போக வேண்டியதுதான். உங்க நைனா பக்கத்துல தொட்டில எடம் இருக்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொன்ன எதுவும் இதுவரை நடக்காமல் போனதில்லை. வீட்டில் இதைச் சொன்னபோது நைனா, "தொட்டில ஏற்கெனவே ஆள் ஜாஸ்தி. பாத்துப் பேசிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் போய் இறங்கியது ஒரு சனிக்கிழமை. ராணிப்பேட்டை அளவுகூட இல்லாத ஊர். நான் போட்டிருந்தது பாயின் மச்சான் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு. பாச்சை உருண்டை வாசனை. பாய் குரங்குக் குல்லாயைத் தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை. குளிரைவிட அவருக்குப் பெரிய பேஜார் சாப்பாடு. எதில் பன்றி இருக்குமோ என்ற பயத்தில் பிஸ்கட்டைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். அவித்த முட்டையிலும் வாழைப்பழத்திலும் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

தோல் வாங்கியவர் வயதானவர், மரியாதைக்காரர். கிடங்கு திங்கட்கிழமைதான் திறக்கும், அன்று மூன்று பேரும் சேர்ந்தே லாட்டைப் பார்ப்போம் என்றார். நாளைக்குச் சும்மாதானே இருப்பீர்கள், என் மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்ன மியூசியத்தைத் திறந்து பார்த்துக்கொள்கிறாள், வாருங்கள் என்றும் அழைத்தார்.

"இன்னாங்கிறாரு?" என்றார் பாய்.

"மியூசியத்துக்குக் கூப்புடறாரு பாய்."

"செத்த காலேஜா? இவ்ளோ தூரம் பறந்து வந்து செத்த காலேஜா?"

மெட்ராஸ் பக்கம் மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ் என்றும் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்றும் பெயர். பாடம் பண்ணி நிறுத்திய மிருகங்களைப் பார்த்துவிட்டு வந்த ஜனங்கள் வைத்தது.

"போகலைன்னா கோச்சிக்குவாரா?"

"அவரு சம்சாரம் பாத்துக்கிறாங்களாம்."

"அப்ப போய்த்தான் ஆவணும். போய் நல்ல கேள்வியா நாலு கேளு. அந்தம்மா வீட்ல போய், நல்ல பசங்கன்னு சொல்லட்டும். பாதி லாட் அங்கயே பாஸாயிடும்."

நான் எதையும் படித்துவிட்டுப் போகிறவன். எந்த ராஜா கட்டியது, எத்தனை அடி உயரம், கல் எங்கிருந்து வந்தது என்று இங்கிலீஷில் கேள்விகளைத் தயார்செய்து உருப்போட்டுக்கொண்டேன்.

போய்ப் பார்த்தால், தெருவில் இருக்கும் மற்ற வீடுகள் மாதிரி அதுவும் ஒரு வீடு. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு அம்மாள் கதவைத் திறந்தார். பெரியவரின் மனைவி. நிறுத்தி நிறுத்தி, எங்களுக்குப் புரிகிற இங்கிலீஷ் பேசினார். இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த யூதர்கள் தொழுத இடம் இது என்றார். பாய் என் காதில் கேட்டார்.

"யஹூதியா? நம்ம கிதாப்ல வர்றாங்களே."

"எங்க மிஷன் ஸ்கூல் பைபிள்லயும் வர்றாங்க பாய்."

"அப்ப ரெண்டு பேருக்கும் தெரிஞ்சவங்கதான்" என்று தைரியமாக உள்ளே நுழைந்தார்.

நான் முதல் கேள்வியைக் கேட்டேன். இதை எந்த ராஜா கட்டினார்? ராஜா யாரும் இல்லை, மாட்டு வியாபாரிகளும் தோல் வியாபாரிகளும் சேர்ந்து கட்டினார்கள் என்றார் அம்மாள். மொழிபெயர்த்ததும் பாய்க்கு முகமே மாறிவிட்டது. சுவரில் ஒரு போட்டோ. உப்புப் போட்ட தோல் அடுக்கின்மேல் கையை ஊன்றியபடி நாலைந்து பேர் நின்றார்கள்.

"அப்படியே பேரணாம்பட்டு மண்டி மாதிரி இருக்குது பாரு. இந்த ஆளு எங்க மாமுவேதான். அதே தொப்பை. நிக்கிறதுலயே தெரியுது, எடை போடறப்போ கட்டை விரலை வெப்பான்."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அடுத்து ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே, தோலில் கையால் எழுதிய வேதச் சுருள். வேதத்தை எங்களால் படிக்க முடியாது. தோலைப் படிக்க முடியும். இரண்டு பேரும் கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்தோம்.

"ஆடு" என்றார் பாய்.

"கன்னுக்குட்டி பாய். முடி இருந்த பக்கம் பாருங்க."

"ஆடுன்னா ஆடு. முதலாளி நானா நீயா?"

ஏதாவது சந்தேகமா என்று அம்மாள் கேட்டார். இது எந்த மிருகம் என்று கேட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். இவ்வளவு பேர் வந்து போகிறார்கள், இதை யாரும் கேட்டதில்லை, நல்ல கேள்வி, விசாரித்து வைக்கிறேன் என்றார்.

"ஒண்ணு பாஸ்" என்று பாய் என் முதுகில் தட்டினார்.

சுருளின் ஓரம் கருகியிருந்தது. அதையும் கேட்டேன். யுத்தத்துக்கு முந்தின வருஷம் கட்டடத்துக்குத் தீ வைத்தபோது பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எடுத்து ஒளித்து வைத்தது என்றார். யார் தீ வைத்தது என்று கேட்டேன். "எங்கள் ஊர்க்காரர்கள்" என்றார். அந்த 'எங்கள்' என்ற வார்த்தையில் கொஞ்சம் நின்று சொன்னார்.

அடுத்த அறையில் சமையல் பாத்திரங்கள். பாலுக்கு ஒரு வரிசை, கறிக்கு ஒரு வரிசை, இரண்டும் கலக்கக் கூடாது, பன்றி அறவே கிடையாது. நான் சொல்லி முடிப்பதற்குள் பாயின் கண் பளபளத்தது.

"அவங்க ஹோட்டல் எங்க இருக்குதுன்னு கேளு. ஒடனே கேளு."

கேட்டேன். என் முதலாளிக்குப் பசி, அவர்கள் இப்போது எங்கே சாப்பிடுகிறார்கள் என்று கேட்டேன். இந்த ஊரில் இப்போது யாரும் இல்லை என்றார் அம்மாள். வேறு ஊருக்குப் போய்விட்டார்களா என்றேன். சில பேர் தப்பித்தார்கள், மற்றவர்களை ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொன்றார்கள் என்றார். வியாபாரி, பெண்டாட்டி, பிள்ளை, எல்லோரையும்.

சரித்திரப் புத்தகத்தில் இதைப்பற்றி ஒரு வரி படித்திருந்தேன். அந்த வரிக்குள் தொப்பை வைத்த தோல் வியாபாரி இருப்பார் என்று எனக்குத் தெரியாது. பாயிடம் சொன்னேன். அவர் குல்லாயைக் கழற்றினார். பிறகு, தொழுகிற இடமாயிற்றே என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பப் போட்டுக்கொண்டார். அம்மாள் தன் கைப்பையிலிருந்து தனக்குக் கொண்டுவந்த பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியை எடுத்துக் கொடுத்தார். அந்த ஊரில் பாய் முகர்ந்து பார்க்காமல் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

எங்களைத் தேற்றத்தான் பேச்சை மாற்றினார் என்று நினைக்கிறேன். நீங்கள் அங்கே என்ன வேலை செய்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். இந்தப் பதிலை நான் நன்றாகவே உருப்போட்டிருந்தேன். கோட்டை இழுத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன்.

"செலக்ஷன், மேடம். ஐ ஆம் டூயிங் செலக்ஷன்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. என் உச்சரிப்பு புரியவில்லை என்று நினைத்துக் கையால் நடித்துக் காட்டினேன். மேஜை முன்னால் நிற்பேன். ஒவ்வொன்றாக வரும். நல்லது வலதுபக்கம், பழுது இடதுபக்கம். ரொம்ப வேகம், ஒரு பார்வை போதும். ரொட்டியை மென்றுகொண்டிருந்த பாய்க்கு, என்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்துவிட்டது. தமக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டினார்.

"ஹீ வெரி பெஸ்ட் செலக்ஷன், மேடம். ஆம்பூர் நம்பர் ஒன். நோ மெர்சி."

அம்மாள் என் முழங்கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு பெரிய போட்டோ. ரயிலடி. மூட்டையோடும் குழந்தைகளோடும் வரிசையில் நிற்கும் ஜனங்கள். எதிரே சீருடை போட்ட ஒருவன், கையை ஒரு பக்கமாக நீட்டியபடி. கீழே ஜெர்மன் எழுத்து. எனக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் ஒரு வார்த்தையைப் படிக்க முடிந்தது. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். மற்றபடி எங்கள் மேஜைக்கு மேலே பலகையில் இங்கிலீஷில் எழுதியிருக்கும் அதே வார்த்தை.

வேலைக்கு ஆகிறவர்கள் ஒரு பக்கம், கிழவர்களும் குழந்தைகளும் இன்னொரு பக்கம், ஒரு பார்வைதான் என்றார் அம்மாள். இன்னொரு பக்கம் போனவர்களை அன்றைக்கே கொன்றுவிடுவார்கள். நான் என் வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"உங்களுடையது ஆட்டுத்தோல்தானே" என்றார், லேசாகப் புன்னகைத்து.

"ஆட்டுத்தோல்தான் மேடம்."

"இந்த வார்த்தைக்கு இங்கே என்ன அர்த்தம் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்" என்று என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

வெளியே வந்து ரொம்ப தூரம் நடந்த பிறகுதான் பாயிடம் விஷயத்தைச் சொல்ல முடிந்தது. அவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"அரே, அதை ஏண்டா சொன்னே?"

"தெரியாது பாய்."

"உனக்குத் தெரியாது. சரி. நான் இன்னாத்துக்கு நம்பர் ஒன்னுன்னு சொன்னேன்? நோ மெர்சின்னு வேற." கொஞ்ச தூரம் நடந்தார். "லாட் போச்சு. தொட்டிக்கு ரெண்டு எடம் பாக்கணும், எனக்கும் சேர்த்து."

திங்கட்கிழமை காலை கிடங்கில் எங்கள் லாட் மேஜையருகே அடுக்கியிருந்தது. பெரியவர் காத்திருந்தார். மனைவி சொல்லியிருப்பார் என்பது பார்வையிலேயே தெரிந்தது. "செய்து காட்டுங்கள், உங்கள்..." என்று ஆரம்பித்தவர் வார்த்தை கிடைக்காமல் நின்றார். எனக்கும் கிடைக்கவில்லை. அவர் மேஜையைக் காட்டி, "உங்கள் வேலையை" என்று முடித்தார்.

முதல் தோலை விரித்தேன். கை பழக்கத்தில் பக்கவாட்டில் கிளம்பியது. பிடித்து இறக்கினேன். தோலைத் திருப்பிப் பார்த்தேன், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், தடவிப் பார்த்தேன். இடது வலது என்று போட மனம் வராமல், ஒன்றை எனக்குக் கிட்டே வைத்தேன், அடுத்ததைக் கொஞ்சம் தள்ளி, மெதுவாக வைத்தேன்.

"சீக்கிரம் போடுடா" என்று பாய் பல்லைக் கடித்தார். "பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி இன்னா பார்வை?"

பெரியவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நான் முதல் தரம் என்றதில் சில கீறல்களை அவர் காட்டினார், ஒப்புக்கொண்டேன். அவர் கழித்ததில் சிலவற்றின் தழும்பு பாலிஷில் மறைந்துவிடும் என்று நான் காட்டினேன், அவர் ஒப்புக்கொண்டார். சாயங்காலம் வரை இதே. பாய் மூட்டைகளின்மேல் சாய்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் கொஞ்சம் தோல் தரம் இறங்கியது. லாட் திரும்பி வராது என்று முடிவானது.

பெரியவர் பாயின் கையைக் குலுக்கினார். இவ்வளவு நிதானமாகப் பார்க்கிற ஆளை நான் கண்டதில்லை, இனிமேல் இவர் பார்த்த சரக்கு மட்டும் அனுப்புங்கள் என்றார். நான் மொழிபெயர்த்தேன். பாய் ஒரு கணம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஹீ ஆல்வேஸ் வெரி ஸ்லோ, சார்" என்றார். "ஆம்பூர் நம்பர் ஒன் ஸ்லோ."

ஊருக்கு வந்ததும் மேஜைக்கு மேலே இருந்த பலகையை மாற்ற வேண்டும் என்று கேட்டேன். பாய் ஏன் என்று கேட்காமல் சரி என்றார். 'தரம் பிரிக்கும் இடம்' என்று எழுதச் சொல்லி பெயிண்டரிடம் கொடுத்தேன். அன்றிலிருந்து என் பெயர் தரம். "தரம் வந்துட்டாரு, வழி விடுங்க." டீக்கடைக்காரர், செலக்ஷன் டீக்குத்தான் ஸ்பெஷல், தரம் டீ என்று தனக்கு யாரும் சொல்லவில்லை என்று சாதா டீயைக் கொண்டுவந்து வைத்தார். நான் இப்போது செலக்ஷனில் இல்லை என்று தெருவில் யாரோ சொல்ல, இரண்டு வீட்டுப் பெண்கள் அம்மாவிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

நைனா தொட்டியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே, "இன்னாடா பலகை கதை?" என்று கேட்டார். ரயிலடி போட்டோவைச் சொன்னேன். தோல் வியாபாரிகளைச் சொன்னேன். அவர் காலைத் துடைத்து எண்ணெய் தடவி முடித்தார்.

"அவங்களும் தோலைப் பிரிச்சித்தானே வித்திருப்பாங்க" என்றார். "அதுக்கு இன்னா பேரு சொல்லுவாங்களாம்?"

"தெரியல நைனா. கேக்கல."

"அதைக் கேக்காம வேற இன்னா கேட்டே?"

"எந்த ராஜா கட்டினதுன்னு கேட்டேன்."

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார்.