உரக்குளத்தில் நின்றவள்

யாரோ சொல்லிக் கேட்ட சங்கதி இல்லை இது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தது. 1976 நவம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகல். பசறையிலிருந்து நமுனுகுலப் பக்கம் பஸ் ஏறி வரவேண்டிய ஒரு தேயிலைத் தோட்டம். பெயரைச் சொல்லமாட்டேன், அங்கே இன்னும் எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும், எனக்கு நஷ்டமில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் ஹல்துமுல்லையிலிருந்து அந்தத் தோட்டத்துக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அங்கே முன்பே இருந்த கொழுந்தன் குடும்பமும் நாங்களும் ஒரே லய வரிசையில், அடுத்தடுத்த ஒற்றை அறைக் காம்பராக்களில் இருந்தோம். கொழுந்தன் பெண்டாட்டி ரெங்கம்மாவுக்கு ஐந்து மாதத்தில் ஓர் ஆண்பிள்ளை. எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், ஒன்றும் இல்லை. மறைப்பானேன்? அவளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். வீட்டுக் கோழி முட்டையிட்டால் மாமியார் அவளுக்குத்தான் அவித்துக் கொடுப்பார். முட்டைக்கு நான் அலையவில்லை. ஆனால் அந்த வாசம் வரும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

அன்றைக்கு ரெங்கம்மாவும் மாமியாரும் பசறைக் கடைக்குப் போனார்கள். பிள்ளையை என்னிடம் விட்டார்கள்.

"அக்கா, மூணு மணிக்குப் போத்தல் பால் குடுத்துருங்க. ஊத்துலருந்து வர்ற பீலித் தண்ணியக் கொதிக்க வச்சிருக்கேன். வேற தண்ணி வேணாங்க."

"எனக்குத் தெரியாதா?" என்றேன் சுள்ளென்று. பிள்ளை பெறாதவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்கிறாளாக்கும்!

அவள் தலை மறைந்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டினேன். எடுப்பாக இருக்கட்டும் என்று வீட்டுக்காரரின் கைக்கடிகாரத்தையும் போட்டுக்கொண்டேன். பயலுக்குப் புதுச் சட்டை, பெரிய பொட்டு. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்களை யாருக்கும் தெரியாத கீழ்ப் பாதையில் நடந்தேன். தெரியாத யாராவது எதிரே வந்தால் என் பிள்ளை என்று நினைப்பார்கள் அல்லவா? அதற்காகத்தான் போனேன். வேறு எதற்கும் இல்லை.

பாதை ஒரு குளத்தில் போய் முடிந்தது. குளத்துக்கு மேலே மேட்டில் யாரோ குத்தகைக்கு எடுத்துக் முட்டைக்கோவாவும் உருளைக்கிழங்கும் போட்டிருந்தார்கள். வரப்பெல்லாம் உரச்சாக்கு. அந்த வாரம் நல்ல மழை. போட்ட உரம் அத்தனையும் கரைந்து குளத்துக்கு இறங்கியிருந்தது. தண்ணீர் பச்சைப் பெயின்ட் மாதிரி கெட்டியாகக் கிடந்தது. கரையில் வெள்ளை வயிற்றைக் காட்டியபடி செத்த மீன்கள்.

மணி பார்த்தேன். 3.50. மலையிலிருந்து மூட்டம் இறங்கியது. எதிர்க்கரை மறைந்தது.

அவ்வளவு மழைக்குப் பிறகும் அங்கே ஒரு தவளைகூடக் கத்தவில்லை. மீன் செத்துக் கிடந்தும் ஒரு காகம் வரவில்லை. திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம்...

களக்... களக்... களக்...

போத்தலில் தண்ணீர் மொள்ளும் சத்தம். 4.05.

குளத்துக்குள் ஒருத்தி முழங்கால் தண்ணீரில் நின்றாள். முதுகுதான் தெரிந்தது. குனிந்து மொண்டுகொண்டிருந்தாள். ஆனால் அவளைச் சுற்றித் தண்ணீர் அசையவில்லை.

"யாரது?" என்றேன்.

திரும்பினாள். சின்ன வயசுதான். என்னைப் பார்க்கவில்லை. இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

"அழகா இருக்கு. யாரு புள்ளைங்க அக்கா?"

ஏழு வருஷமாக இந்தக் கேள்விக்குத்தானே காத்திருந்தேன்! பயம்கூட மறந்துவிட்டது.

"எம் புள்ளதான்."

அவள் முகம் மாறியது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். நான் ரெங்கம்மாவைப் பார்க்கிற பார்வை அது.

"எனக்கும் ஒண்ணு இருந்துச்சு. ஒதடு நீலமாயிருச்சு... நகம் நீலமாயிருச்சு..."

போத்தலை நீட்டினாள். பால் போத்தல். உள்ளே பச்சைத் தண்ணீர்.

"பசிக்குது அதுக்கு. குடுங்க."

தெரியாத முகத்தைக் கண்டால் வீறிடும் பயல், அவளைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"வேணாம்..." என்றேன்.

அவள் நடந்து வரவில்லை. அடி எடுத்து வைத்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் கரையில் இருந்தாள். என் எதிரில். உரச்சாக்கு நாற்றம் மூக்கில் ஏறியது.

"ஒங்க புள்ளதானே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ரெங்கம்மா பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்திலும் அதைச் சொல்ல மனசு வரவில்லை.

"ஆமா."

"அப்ப... நான் எடுத்துக்கிறேன்."

கை நீண்டது. நீல நகம்.

பிள்ளையை நெஞ்சோடு இறுக்கினேன்.

அந்தக் கை பிள்ளையைத் தொடவில்லை...

என் சேலைக் கொசுவத்தில் ஐஸ் வைத்த மாதிரி ஒரு ஈரம்.

4.11.

ஓடினேன்.

லயத்துக்கு வந்து சேர்ந்தபோது 4.40. விளக்கைக் கொளுத்திப் பிள்ளையின் உதட்டைப் பார்த்தேன். நகத்தைப் பார்த்தேன். எல்லாம் சிவப்பு. பயல் சிரித்தான்.

ஐந்தரைக்கு ரெங்கம்மா வந்தாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. குளத்தில் ஒருத்தி நின்றாள் என்றேன். கடைப்பை அவள் கையிலிருந்து விழுந்தது.

"கையில பால் போத்தல் வச்சிருந்தாளா?"

"ஆமா."

"அது கீழ் லயத்துச் சிட்டம்மாக்கா. போன வருசம் பீலி ஒடஞ்சப்போ எல்லாரும் அந்தக் கொளத்துலதான் தண்ணி அள்ளுனோம். அவங்க நாலு மாசப் புள்ளைக்குப் பால் கலக்கிக் குடுத்தாங்க. அது நீலம் பூத்துப் போச்சு. உரத்தண்ணிதான் காரணம்னு பதுளை பெரியாஸ்பத்திரியில சொன்னாங்களாம். புள்ளையப் பொதைச்ச மூணாம் நாளு அதே கொளத்துல..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நீங்க புதுசு, பயந்துருவீங்கன்னுதான் சொல்லல. எம் புள்ளையக் காப்பாத்திட்டீங்க அக்கா."

என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாமியார் அன்றைக்கு முட்டையை எனக்கு அவித்துக் கொடுத்தார். குளத்தில் நின்றவளிடம் நான் என்ன பதில் சொன்னேன் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை.

முட்டையைச் சாப்பிட முடியவில்லை. குளக்கரையிலிருந்து ஓடிவரும்போதே அடிவயிற்றில் பிடித்த வலி, நேரம் போகப் போகக் கூடியது. விடிவதற்குள் பாய் நனைந்துவிட்டது. இரத்தம். காலையில் தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

டிஸ்பென்சர் ஐயா பார்த்தார். எல்லாரையும் வெளியே அனுப்பினார்.

"நாள் தள்ளிப் போனது ஒனக்குத் தெரியலையாம்மா?"

எனக்கு எப்போதும் அப்படித்தான், கணக்கு வைத்துக்கொள்வதில்லை என்றேன்.

"ரெண்டரை மாசப் புள்ள. நேத்துச் சாயங்காலம் கலைஞ்சிருக்கு," என்றார். பிறகு, "இப்படி ஒரு புள்ள இருக்குன்னு யாருக்கிட்டயுமே சொல்லலையா நீ?" என்று கேட்டார்.

எனக்குப் பிள்ளை இருக்கிறது என்று நான் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தேன்.