விசுவசிக்கிறேன் என்று சொன்ன நடிகர்

இன்றைக்கும் அந்த மனிதரை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வயதாகிவிட்டது, விட்டுத்தள்ளு என்கிறார் வீட்டுக்காரர். அவருக்கென்ன, மூக்கில் மாட்டியிருக்கிற கண்ணாடியையே மறந்துவிட்டுத் தேடுகிறவர்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வெளிநாட்டுப் படக் கம்பெனி ஏற்காட்டுக்கு வந்தது. மலைச் சனங்களோடு வாழ்ந்து இங்கேயே செத்துப்போன ஒரு வெள்ளைக்காரச் சாமியாரின் கதை. சாமியாராக நடிக்க வந்தவர் ஸ்காட்லாந்துக்காரர். படத்தில் அவர் தமிழில் பூசை வைக்க வேண்டும், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்த எனக்கு இங்கிலீஷும் ஓடும் என்பதால் அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க என்னைப் பிடித்தார்கள். நான் அப்போது நிறைமாதக்காரி, பேறுகால லீவில் இருந்தேன். அதனால் சாயங்காலமானால் அவரே தலைச்சோலையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். வீட்டுக்காரர் அங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர்.

முதல் நாள் தெரியாத்தனமாக அவரை இங்கிலீஷ்காரர் என்று சொல்லிவிட்டேன். முகம் சிவந்துவிட்டது. "நான் ஸ்காட்லாந்துக்காரன். இதை முதலில் படித்துக்கொள்ளுங்கள், பிறகு எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுங்கள்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கோபத்தாலேயே அவரைப் பிடித்தும் போனது.

காப்பியைக் குடித்துக்கொண்டே தன் கதையெல்லாம் சொல்வார். கப்பல் கட்டுகிற ஊரில் பிறந்து, அப்பாவின் பட்டறை வேலைக்குப் போகாமல் நாடகக் கொட்டகைக்கு ஓடினாராம். முதலில் ஈட்டி பிடித்து ஓரமாக நிற்கிற சேவகன். தலை நரைக்கத் தொடங்கியபோதுதான் ராஜா வேஷம் கிடைத்தது. சினிமாவிலோ, சாகிற போலீஸ்காரனும் குடிகார மாமனாரும்தான். இந்தச் சாமியார் வேஷம்தான் அவருக்கு முதல் பெரிய படம்.

ஞாயிறு தவறாமல் கோவிலுக்கு வந்தார். பாயைத் தள்ளிவிட்டு வெறும் கல்தரையில் முழங்கால் போட்டார். பூசை முடிந்து எல்லோரும் போன பிறகும் எழுந்திருக்க மாட்டார். எங்கள் சனத்துக்கு அது போதும். முழங்கால் போட்டு எழுந்திரிக்காத மனிதனை நாங்கள் சந்தேகப்பட்டதே கிடையாது. வேஷத்துக்குப் பழகிக்கொள்கிறார் என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே! தோன்றவில்லை.

மகள் பிறந்தாள். எங்கள் வகையில் தலைப்பிள்ளையை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தி ஞானத் தகப்பனாக நிற்பது தாய்மாமன்தான். கிளியூரில் இருந்த என் அண்ணன் பிள்ளையில்லாதவர், மாதக்கணக்காக அந்த நாளுக்காகவே காத்திருந்தவர். சேலத்துக்குப் போய் வெள்ளை கவுன்கூட வாங்கி வைத்துவிட்டார். அந்தச் சமயத்தில் நடிகர் தொட்டிலைப் பார்த்துக்கொண்டே, "இந்தக் குழந்தையை நான் ஏந்தலாமா?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது.

பிள்ளையைப் பார்க்க வந்திருந்த அண்ணனிடம் அதைத் தமிழில் சொன்னேன்.

"அதுக்கென்னுங்க, தாராளமா ஏந்தட்டும் அம்மிணி" என்றார் அண்ணன். "கடல் தாண்டி வந்து நம்ம புள்ளயக் கேக்கறாரு. நான் எங்க போயிரப் போறேன்?" சொல்லிவிட்டு அந்தக் கவுனை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

பங்குச் சாமியார் நடிகரைத் தனியாக அழைத்துக் கேட்டார். நானும் உங்கள் சபைதான், சிறு வயதிலிருந்தே விசுவாசி என்று அவரிடமும் சொல்லியிருக்கிறார். அப்புறம் தினமும் என் எதிரில் உட்கார்ந்து, ஞானஸ்நானத்தில் சாமியார் கேட்கிற கேள்விகளுக்கான பதில்களைப் பாடம் செய்தார். 'விட்டுவிடுகிறேன்', 'விசுவசிக்கிறேன்'. ழகரத்தை விட்டாலும் விட்டார், அந்த வார்த்தையை விடவில்லை. எங்கே இழுக்க வேண்டும், எங்கே தாழ்த்த வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். என்ன பக்தி என்று நான் பூரித்துப்போனேன். அடக் கடவுளே, என்னை ஏமாற்றுவதற்கான வார்த்தைகளை என் வாயாலேயே கற்றுக்கொண்டு போயிருக்கிறார்.

ஞானஸ்நானத்தன்று அவர் சொன்ன 'விசுவசிக்கிறேன்' கோவிலின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. கிழவிகள் அழுதார்கள். அண்ணன் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு மெழுகுவர்த்தியைப் பிடித்திருந்தார்.

படப்பிடிப்பு முடிந்து போனவர், போனவர்தான். ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தது, பிறகு அதுவும் நின்றது. படமும் எங்கள் பக்கம் வரவில்லை. ஆனாலும் மகளுக்கு அவர்மேல் உயிர். 'ஞானப்பா, ஞானப்பா' என்று பள்ளிக்கூடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். பெரிய நடிகர், பிசியாக இருப்பார், ஒருநாள் வருவார் என்று அவளாகவே சமாதானம் சொல்லிக்கொள்வாள். அவளிடம் என்னவென்று சொல்ல?

தொண்ணூறுகளில் டிஷ் வைத்துக் கேபிள் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் மகள் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு குதித்தோடி வந்தாள். வெளிநாட்டுச் சேனலின் நிகழ்ச்சி வரிசையில் அவர் பெயர். பேட்டியாம். ஒண்டிக்கடை முக்குக்கு ஆள் அனுப்பிக் கறி வாங்கி வரச் சொல்லி, பக்கத்து வீட்டாரையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டாள். கிளியூரிலிருந்து அண்ணனும் வந்து முன்னால் உட்கார்ந்தார். அந்தக் கூட்டத்தில் டிவியில் பேசுகிற இங்கிலீஷ் புரிகிறவர்கள் நானும் அவளும்தான். வீட்டுக்காரர் வழக்கம்போல எஸ்டேட்டில்.

ராஜா வேஷம், போலீஸ்காரன் எல்லாம் பேசி முடித்தார்கள். உங்கள் வாழ்க்கையிலேயே சிறந்த நடிப்பு எது என்று கேட்டார் பேட்டி எடுத்தவர்.

"அதை யாரும் படம் பிடிக்கவில்லை" என்றார் அவர். "இந்தியாவில் ஒரு மலைக் கோவில். எனக்குக் கடவுளும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஒரு குழந்தையைக் கையில் வாங்கி, அவர்கள் பாஷையிலேயே சாத்தானை விட்டுவிடுகிறேன் என்று சத்தியம் செய்தேன். பாதிரியார் நம்பினார், ஊரே நம்பி அழுதது. குழந்தையின் பெயர்கூட இப்போது ஞாபகமில்லை." கையைத் தொட்டில்போல வைத்து ஆட்டிக் காட்டினார். அங்கே கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

பாவி! எழுந்து டிவியை அணைக்கப் போனேன். அதற்குள் அர்த்தம் புரியாமல் இங்கே எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கை ஜாடையைப் பார்த்து அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

"நம்ம புள்ளயத்தானுங்க சொல்றாரு! என்ன கண்ணு சொல்றாரு? சொல்லு சாமி."

மகள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மாமன் பக்கம் திரும்பினாள்.

"ஆமா மாமா, என்னத்தான் சொல்றாரு. கையில வாங்குனப்ப நான் அழவே இல்லையாம். இன்னிக்கும் எனக்காக வேண்டிக்கறாராம். எடம் விட்டுக் குடுத்த மாமாவ சாகற வரைக்கும் மறக்க மாட்டாராம்."

"நொம்பப் பெரிய மனுசன்" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார் அண்ணன்.

அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். குரல் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. என் மகள் பொய் சொல்லி அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிறேன். ஊரே நம்பும்படி சொன்னாள்.