ஒன்பது வினாடியில் நூறு குண்டு: காட்டுப்பாக்கம் முதல் நெமிலிச்சேரி வரை ஒரு ஸ்டாப்வாட்ச் பயணம்

ஏர்கன்களின் சுடும் வேகத்தை அளப்பதற்காக ஒருவன் பஸ் ஏறிப் போவானா என்று கேட்காதீர்கள். நான் போயிருக்கிறேன். 1993, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சட்டைப் பையில் ஸ்டாப்வாட்ச், கையில் அட்டை வைத்த நோட்டு. அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு நேர ஆய்வு வேலை. மெஷினில் நிற்பவர் ஒரு பீஸை முடிக்க எத்தனை வினாடி ஆகிறது என்று பக்கத்தில் நின்று குறிக்க வேண்டும். அதை வைத்துத்தான் நிர்வாகம் தினசரி இலக்கு போடும். தொழிலாளிகளுக்கு என்னை எவ்வளவு பிடித்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பயணத்துக்குக் காரணம் என் அக்கா வீட்டுக்காரர் அந்தோணி மாமா. நெமிலிச்சேரியில் வீடு, அரிசி ஆலையில் வேலை. திருவிழா நாட்களில் மட்டும் பலூன் சுடும் கடை போடுவார். நூம்பல் பக்கத்து மாதா கோயில் திருவிழாவில் கொடிமரத்துக்கு எதிர்முனை ஒன்பது வருடமாக அவருடைய இடம். போன வருடம் காட்டுப்பாக்கத்து மூர்த்தி ஒரு ஆட்டோமேட்டிக் துப்பாக்கியோடு வந்து பக்கத்திலேயே கடை போட்டார். இரண்டு கடை வரிசையும் முட்டிக்கொண்டு தேர் திரும்ப வழியில்லாமல் போனது. இந்த வருடம் ஒரே ஒரு துப்பாக்கிக் கடைதான், யாரிடம் வரிசை சீக்கிரம் நகருமோ அவருக்குத்தான் இடம் என்று கமிட்டி செயலாளர் லூர்துசாமி சொல்லிவிட்டார். அளந்து சொல்லும் வேலையை என் தலையில் கட்டினார்.

"அந்தோணி என் மாமா சார். பின்னாடி பேச்சு வரும்" என்றேன்.

"நீ சொந்தம்னு தெரியும்பா. உன் வாட்சு சொந்தமா இன்னா?" என்றார்.

எஸ்டேட் நிறுத்தத்தில் காலை 7.40க்கு பஸ். டிக்கெட் இரண்டு ரூபாய். படியில் தொங்கியவர்களைப் பார்த்து கண்டக்டர், "உள்ள போ நைனா, உள்ள காலியாத்தான கீது!" என்று கத்திக்கொண்டே வந்தார். உள்ளே எள் போட இடமில்லை. வேலப்பஞ்சாவடி அருகே எருமைகள் சாலையைக் கடந்ததில் ஆறு நிமிடம் போனது. பூந்தமல்லி சேர்ந்தது 8.32. அங்கே இரண்டு இட்லி, ஒரு டீ. காட்டுப்பாக்கம் இன்னும் மூன்று கிலோமீட்டர், வேறு பஸ்ஸில் ஒன்பது நிமிடம். இதையெல்லாமா குறித்தாய் என்று என் மனைவி இன்றும் கேட்கிறாள். ஆமாம், குறித்தேன்.

மூர்த்தி வீட்டுப் பின்புறம் காலி மனை. இரும்பு ஸ்டாண்டில் துப்பாக்கியைப் பொருத்தி, அதிலிருந்து ரப்பர் குழாயைக் காற்று அமுக்கும் கம்ப்ரசருக்கு இழுத்திருந்தார். பம்பாயில் ஏதோ பொருட்காட்சி முடிந்தபோது வாங்கியதாம்.

"இத்த இழுத்துப் புடிச்சா போதும் சார், விட்டாத்தான் நிக்கும். அண்ணாத்தே, ஓரமா நில்லு!" என்று பின்னால் நின்ற பக்கத்து வீட்டுக்காரரை விரட்டிவிட்டு விசையை அழுத்தினார்.

தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டியதுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான். நூறு இரும்புக் குண்டு, ஒன்பது வினாடி. நிமிடக் கணக்கில் அறுநூற்று அறுபதுக்கு மேல். அட்டையில் வரைந்திருந்த நட்சத்திரம் இருந்த இடத்தில் ஓட்டை. என் முகம் போன போக்கைப் பார்த்து மூர்த்தி சிரித்தார். மாமா கதை முடிந்தது என்றுதான் எனக்கும் தோன்றியது.

ஆனால் நான் பார்த்த வேலை அப்படி அளக்கச் சொல்லாது. ஒரு பீஸ் கழன்றதிலிருந்து அடுத்த பீஸ் கழலும் வரைதான் கணக்கு. ஆகவே வாட்சை நிறுத்தாமல் நின்றேன். புனல் வைத்து அடுத்த நூறு குண்டைக் கொட்ட 40 வினாடி. கம்ப்ரசர் முள் சிவப்புக் கோட்டுக்குத் திரும்ப 110 வினாடி. அட்டை மாற்றி அடுத்த ஆள் வந்து நிற்க 30. சுட்ட ஒன்பதையும் சேர்த்தால் 189 வினாடி. ஐந்து பேரைச் சுடவைத்துப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை. மணிக்குப் பத்தொன்பது பேர். மூர்த்தியிடம் எண்ணைச் சொல்லாமல், அவர் கொடுத்த மோரை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பப் பூந்தமல்லி. அங்கிருந்து ஆவடிக்கு பஸ்ஸில் 35 நிமிடம், ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் நெமிலிச்சேரிக்குப் பதின்மூன்று நிமிடம். ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. மாமா தன் இரண்டு பழைய துப்பாக்கிகளையும் ஒரு கப்பல்காரரிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு செமி ஆட்டோமேட்டிக் கைத்துப்பாக்கியை வாங்கியிருந்தார். பழையவை ஒவ்வொரு குண்டுக்கும் குழலை மடக்கித் திறந்து மூட வேண்டியவை. நிமிடத்துக்கு ஏழு குண்டு போனாலே பெரிது. இந்த இடமும் போனால் அவர் கையில் ஒன்றும் மிச்சமில்லை. அக்கா முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயம் எனக்கு.

மாமா தெருவில் பலகை சாத்தி, பலூன் கட்டித் தயாராக நின்றார். தெருக்காரர்கள் எட்டுப் பேர் வரிசையில். புதுத் துப்பாக்கியில் ஒரு அழுத்துக்கு ஒரு குண்டு. மறுபடி மடக்க வேண்டாம், விரலை எடுத்து எடுத்து அழுத்தினால் போதும். வீட்டில் சோடா போடும் குடுவைக்கு வருமே, அந்த மாதிரி சின்ன காஸ் குப்பிதான் உள்ளே.

"வாட்சு ஓடுதா மச்சான்?" என்றார் மாமா.

"ஓடுது மாமா."

அவ்வளவுதான் பேச்சு. மாமா பந்தியில் கடைசி வரிசைக்குப் பரிமாறுகிறவர் மாதிரி பறந்தார். பத்துக் குண்டு சுட 12 வினாடி, நிரப்ப 25, பலூன் மாட்ட 40, ஆள் மாற 20. நாலு பேருக்கு ஒருமுறை குப்பி மாற்றுவது தலைக்கு 13. மொத்தம் 110 வினாடி. ஐந்தாவது ஆள் சுடும்போது துப்பாக்கி ஜில்லிட்டுப் போய்க் குண்டு பலூனில் பட்டுச் சோம்பலாக விழுந்தது. வேகமாகச் சுட்டால் காஸ் குளிர்ந்துவிடும், குளிர்ந்தால் வேகம் செத்துவிடும். மாமா துப்பாக்கியைச் சட்டைக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டே அடுத்த பலூனைக் கட்டினார். சூடாகி வெளியே வந்ததும் மறுபடி படபடவென்று வெடித்தது.

அக்கா போட்ட கருவாட்டுக் குழம்புச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கணக்குப் போட்டேன். மணிக்கு முப்பத்திரண்டு பேர். அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மெஷின் எடுக்கும் நேரத்தில் கை வைக்க மாட்டோம், மெஷினுக்கு நடிக்கத் தெரியாது. மனிதன் எடுக்கும் நேரம் அப்படி இல்லை. வாட்சைப் பார்த்ததும் கை தானாக மெதுவாகிவிடும், இலக்கு குறையட்டும் என்று. அதனால் வரும் எண்ணிக்கையில் பத்து சதவீதம் கூட்டிப் போடுவோம். பழக்க தோஷத்தில் மாமாவுக்கும் கூட்டினேன். மூர்த்திக்குப் பெரும்பங்கு கம்ப்ரசர் எடுக்கும் நேரம் என்பதால் கூட்டாமல் 19, மாமாவுக்கு 35 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மறுநாள் லூர்துசாமியிடம் கொடுத்தேன். சொந்தத்துக்காக ஒரு வினாடியும் குறைக்கவில்லை என்று எனக்குள் பெருமை வேறு. இடம் மாமாவுக்குக் கிடைத்தது.

திருவிழா அன்று சாயங்காலம் ஐந்துக்கு நூம்பல் போனேன். மாமா கடையில் நாற்பது பேர் வரிசை. முதல் ஐந்து நிமிடத்தில் இரண்டு பேர்கூட முடிக்கவில்லை. தெருவில் பறந்த மனிதரை அங்கே காணோம். இவர் ஒவ்வொருவரிடமும் எந்த ஊர் என்று கேட்கிறார். முழங்கையைத் தூக்கி வைக்கிறார். "ஒத்தக் கண்ண மூடு தாயி" என்கிறார். பத்துக் குண்டும் தவறிய ஒரு அம்மாவுக்கு இன்னும் நாலு குண்டு போட்டுக் கொடுத்து, பலூன் வெடித்ததும் அந்த அம்மாவைவிட இவர் பெரிதாகச் சிரிக்கிறார்.

"மாமா, வரிசை நிக்குது. சீக்கிரம்" என்றேன் காதோரம்.

"ஒரு பலூனாச்சும் ஒடைக்காம எப்படிடா அனுப்பறது? வீட்டுக்குப் போயி அதத்தானே சொல்லிகினு இருப்பாங்க."

வாட்சைப் பைக்குள்ளேயே வைத்து அமுக்கினேன். ஒரு ஆளுக்கு 200 வினாடி. மணிக்குப் பதினெட்டு. மூர்த்தியைவிட ஒன்று குறைவு.

ஆறரைக்குத் தேர் வந்தது. வரிசை நகரவில்லை. மாதா அந்த முனையில் இருபத்திரண்டு நிமிடம் நின்றாள். லூர்துசாமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "முப்பத்தஞ்சுன்னு எழுதினியேப்பா! உன்ன நம்பித்தான கீறோம்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

மாமாதான் சொன்னார்: "அவன் மேல தப்பு இல்லீங்க. வாட்ச்ச பாத்து ஓடினேன். ஜனத்த பாத்ததும் நின்னுட்டேன்."

ஆறு வருடமாக மனிதர்கள் என் முன்னால் மெதுவாகிறார்கள் என்று நம்பிச் சம்பளம் வாங்கியவன் நான். ஒருவன் பயந்துபோய் என் முன்னால் அவசரப்படுவான் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. அந்த வாரம் தொழிற்சாலையில் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். எத்தனை பேருக்குப் பத்துப் பத்தாகக் கூட்டியிருக்கிறேன் என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் வெட்கப்பட்டு மூடினேன். அதன் பிறகு கூட்டவில்லை. மேலதிகாரியிடம் அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

இன்று இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு: ஆவடி, நெமிலிச்சேரி வரை மின்சார ரயில்தான் சுகம். பூந்தமல்லி–ஆவடி சாலையில் ஞாயிறு என்றால் பத்து மணிக்குள் போய்விடுங்கள். காட்டுப்பாக்கத்தில் காலி மனையைத் தேடாதீர்கள், எல்லாம் வீடு. ஏர்கன் வாங்குகிறவர்கள் விளம்பரத்தில் போட்டிருக்கும் சுடும் வேகத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். நிரப்ப எவ்வளவு நேரம், காற்று ஏற எவ்வளவு நேரம், காஸ் குளிர்ந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். அளந்தபோது சுட்டவருக்கு யாரோ அளக்கிறார்கள் என்று தெரியுமா என்றும் கேளுங்கள்.

அடுத்த வருடம் அந்த முனை மூர்த்திக்குப் போனது. மணிக்குப் பத்தொன்பது பேர் என்று தெரிந்து அத்தனை பேரைத்தான் வரிசையில் விட்டார்கள், தேர் தடையில்லாமல் திரும்பியது. மாமா கடை போடவில்லை. ஆனாலும் திருவிழாவுக்கு வந்தார். வரிசையில் நின்றார். தன் முறை வந்ததும் ஆட்டோமேட்டிக் விசையைப் பிடித்து இழுத்தார். நூறு குண்டும் போன பிறகும் விரலை எடுக்காமல் சிறிது நேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"நல்லாத்தான் கீது மச்சான்" என்றார். "ஆனா எப்போ முடிஞ்சுதுன்னே தெரியல."