பலகை ஏறாத வண்டி

சச்சிதானந்தன் எந்த வண்டியையும் நின்றுகொண்டு பார்ப்பதில்லை. தரையில் கோணியை விரித்து, சட்டைப்பையில் இருக்கும் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, முதலில் அதன் அடியில் போய்ப் படுத்துவிடுவார். விற்க வந்தவன் பெயின்டைப் பற்றியும் மீட்டரைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருப்பான். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரியும். கால்மணி நேரம் கழித்து எழுந்து தூசி தட்டிக்கொண்டு அவர் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"எல்லாம் சரி. அங்க உதை ஆர் திருத்துறது?"

அங்கே என்றால் ஆப்பிரிக்கா, உதை என்றால் இந்த வண்டியை. சிட்னியில், செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில் எங்கள் முதலாளி கொலின் பழைய வண்டிகளை ஏலத்திலும் விற்க வருபவர்களிடமும் வாங்கி ஸாம்பியாவுக்கும் கென்யாவுக்கும் கப்பலேற்றுகிறார். இங்கே போலவே அங்கும் சாலையில் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தால் போதும், எதையும் அனுப்பலாம் என்பது கொலினின் கணக்கு. ஒவ்வொரு வண்டிக்கும் 'அந்த ஊர் சாலைக்கு ஏற்றது' என்று ஒரு தாள் போகவேண்டும். தாளை டைப் அடிப்பவள் நான். கையெழுத்திடுபவர் சச்சி அண்ணன்.

யாழ்ப்பாணத்துக் காரைநகர்க்காரர். வடக்கு ஸாம்பியாவில் அரசாங்க ஒர்க்‌ஷாப்பில் எட்டு வருடம் இருந்துவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் இங்கே வந்தார். வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது, வயது ஐம்பத்து மூன்று. "உவருக்கு ஆப்பிரிக்கா எண்டா ஒரே ஒரு ரோட்டு," என்பார் கொலினைப் பற்றி. "நைரோபியில ஒபிசருக்குக் கார் வேணும். காட்டுக்குள்ள இருந்து மரவள்ளி ஏத்திறவனுக்குப் பிக்கப் வேணும். ரெண்டும் ஒண்டோ?"

அவருடைய காற்சட்டைப் பையில் மூன்று ஸ்பேனரும் ஒரு ஸ்குரூ டிரைவரும் எந்நேரமும் இருக்கும். சின்ன ஊர் மெக்கானிக்கிடம் அவ்வளவுதான் இருக்குமாம். அந்த நான்கால் கழற்ற முடியாத வண்டி அவரிடம் தேறாது. பட்டனைத் தட்டினால் கண்ணாடி இறங்கும் கார் ஒன்று ஒருமுறை வந்தது. ஏற்றி இறக்கிப் பார்த்தார். "கண்ணாடிக்கு மோட்டராம். எங்களுக்குக் கை இல்லையே?" என்றுவிட்டுப் போய்விட்டார்.

வீட்டிலும் இதே குணம்தான் போலிருக்கிறது. அவர் மனைவி ரஞ்சினி ஒருநாள் என்னிடம் சொன்னார்: "கிரிஜா, இந்த மனுசன் என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கே கதிரையைக் கவிட்டுப் பாத்தவர். கால் ஆடுதாம்! என்னைப் பாக்கயில்லை."

"கதிரை ஆடினதுதானே," என்றார் இவர், உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்து.

யார்டின் கோடியில் தடித்த பலகைகளை அடுக்கி அவர் ஒரு சரிவு கட்டியிருக்கிறார். ஸாம்பியாவில் அவர் இருந்த பக்கம் ஆறுகளுக்குப் பாலம் குறைவு. தட்டையான மிதவையில் வண்டியை ஏற்றிக் கயிறு பிடித்து அக்கரைக்கு இழுப்பார்களாம். கரையிலிருந்து மிதவைக்கு ஏறும் பலகை என்ன சாய்வோ அதே சாய்வு இங்கேயும். அளந்தீர்களா என்று கேட்டேன். "என்ர முழங்காலுக்குத் தெரியும்," என்றார். எல்லா வண்டியும் அதில் ஏறி இறங்கவேண்டும். பின்பக்கம் தரையில் உரசினால் நகரத்துக்கு மட்டும் என்று எழுதிவிடுவார். கொலின் அதற்கு 'சச்சியின் துறைமுகம்' என்று பெயர் வைத்திருக்கிறார். மற்றவர்களும் சிரிப்பார்கள்.

தேறிய வண்டியின் சாவியை அவர் கொடுக்கிற விதம் தனி. வலது கையில் சாவி, இடது கை வலது முழங்கையைத் தொட்டிருக்கும். ஸாம்பியாவில் மரியாதையாக ஒரு பொருளைக் கொடுப்பது அப்படித்தானாம். லாரிக்காரனுக்கும் அப்படித்தான் கொடுப்பார், கொலினுக்கும் அப்படித்தான்.

என் கணவர் தவறிய பிறகு எங்கள் கார் நான்கு மாதம் அசையாமல் நின்றது. வேலைக்குத் திரும்பியபோது எல்லாரும் ஏதோ ஆறுதல் சொன்னார்கள். இவர் சனிக்கிழமை காலை கார் சாவி கேட்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். "திறப்பைத் தாங்கோ தங்கச்சி. நிண்டாப் பழுதாகும். கிழமைக்கு ஒருக்கா ஓடவேணும்." இன்றுவரை ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. இப்போது ஓட்டுவது நான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வருவார்.

சென்ற மாதம் வடக்கு ஸாம்பியாவிலிருந்து ஒரு மிஷன் ஆஸ்பத்திரி வண்டி கேட்டு எழுதியிருந்தது. ஆற்றுக்கு அப்பால் உள்ள கிராமங்களிலிருந்து பிரசவத்துக்குப் பெண்களை ஏற்றிவர வேண்டும். கொலினிடம் எட்டு மாதமாக விலைபோகாத ஒரு ஸ்டேஷன் வேகன் இருந்தது. நீளம், பளபளப்பு, கியர் தானே மாறும், பஞ்சு மெத்தை போன்ற இருக்கை. நோயாளிக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்றார். பலகையில் ஏறும்போதே அதன் வால் தரையில் உரசி நின்றுவிட்டது.

சச்சி அண்ணன் கையெழுத்திட மறுத்தார். மூலையில் மின்சார வாரியம் கழித்த ஒரு பழைய பச்சை ஜீப் நின்றது. கதவு நசுங்கியிருக்கும், உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும். அதை அனுப்பு என்றார். கொலின் சிரித்தார், பிறகு சத்தம் போட்டார். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வராவிட்டால் திங்கட்கிழமை நீ வரவேண்டாம் என்றார்.

தாளை அவர் முன் வைத்தேன். "ரஞ்சினி அக்காகிட்ட கேட்டீங்களா அண்ணா? இந்த வயசுல வேற வேலை..."

"நான் ஒருக்கா கையெழுத்து வைச்சனான் தங்கச்சி," என்றார். "அங்க இருக்கேக்க. இதே மாதிரி நீள வாகனம் ஒண்டுக்கு. நோயாளி குலுங்கக் கூடாது எண்டு நினைச்சு நான்தான் தெரிஞ்செடுத்துக் குடுத்தனான். மழைக்காலம். வால் பலகையில இறுகிப்போச்சு. உள்ள ஒரு பிள்ளைத்தாச்சி. ஒம்பது பேர் தள்ளினவங்கள்..."

பேனாவைக் காதிலிருந்து எடுத்து, பார்த்து, மறுபடி காதிலேயே செருகிக்கொண்டார். நான் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் சிட்னி துறைமுகத்துக்குப் போகும் லாரி வந்தது. தாளில் தானே கையெழுத்திட்டுவிட்டதாகக் கொலின் கூவினார். வேகனை ஏற்றச் சொன்னார். லாரிக்காரன் சாவியைத் திருகினான். எஞ்சின் இருமியது, எழவில்லை. மறுபடி திருகினான். மூன்றாம் முறை கொலினே உட்கார்ந்து திருகிப் பார்த்துவிட்டு, இறங்கி, யார்டின் கோடியைப் பார்த்தார்.

பலகைச் சரிவின் உச்சியில் சச்சி அண்ணன் சாப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். புட்டும் மீன்குழம்பும். டப்பா மூடியில், வழக்கமாகச் சம்பல் இருக்கும் இடத்தில், கட்டைவிரல் அளவு கறுப்புத் துண்டு ஒன்று இருந்தது. வேகனின் ரோட்டார், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் துண்டு. அது இல்லாமல் அந்த எஞ்சின் எழாது.

"அதைக் கொடு," என்று கையை நீட்டினார் கொலின். முகம் சிவந்திருந்தது. லாரிக்காரன் கடிகாரத்தைப் பார்த்தான். கப்பல் யாருக்காகவும் நிற்காது.

"சாப்பிடுறன், கொலின்," என்றார் இவர் தமிழிலேயே. ஒரு வாய் புட்டைக் குழைத்துப் போட்டு மெல்ல மென்றார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அதை ஒருமுறை பார்த்தார். பிறகு இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டு, பச்சை ஜீப்பின் சாவியை எடுத்து, அந்த இடது கையாலேயே கொலினின் உள்ளங்கையில் வைத்தார்.