வெயில் பட்ட தேயிலைச் சாறு

கம்பளையில் நான் ஏறும் காலை ரயில் பேராதனையை நெருங்கும்போது மகாவலியின் மேல் பனி படிந்திருக்கும். நீர் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டே வருவேன். எங்கள் ஆய்வுகூடத்துச் சீசா ஒன்றிலும் அதே வெண்மைதான். பச்சைத் தேயிலைச் சாற்றைச் சில மாதங்களுக்கு முன் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் கூடுகளுக்குள் அடைத்திருந்தோம். நானோகாவிகள் என்று அவற்றுக்குப் பெயர். தேயிலையில் உள்ள ஒட்சியேற்ற எதிரிகள் என்ற சத்துகள் காற்றும் வெளிச்சமும் பட்டால் சீக்கிரம் வலுவிழந்துவிடும். கூட்டுக்குள் உறங்கினால் நெடுநாள் தாங்கும் என்று நம்பினோம்.

ஆராய்ச்சி ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணுடையது. சீசாக்களும் கருவிகளும் என் பொறுப்பு. சாறு தாங்கியிருப்பதைப் பேராசிரியர் குறித்த நாளில் அவருக்குக் காட்டினால் அவளுடைய ஆய்வு நீளும். இல்லாவிட்டால் அவள் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அதற்கு முந்திய நாள் நான் லீவு. காட்ட வேண்டிய அன்று காலை ஆய்வுகூடக் கதவைத் திறந்ததும் ஜன்னல் விளிம்பில் ஒரு பிள்ளையார் படத்தைக் கண்டேன். படத்தின் முன்னால் வாடிய செவ்வரத்தம்பூ. பூவுக்குப் பக்கத்தில், இருட்டில் இருக்க வேண்டிய அந்தச் சீசா. வெளிச்சம் படாமல் நான் சுற்றியிருந்த அலுமினியத் தாளைக் காணோம். இளவெயிலில் சீசா லேசான நீலம் கலந்து ஒளிர்ந்தது. கோபம் வருவதற்குள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அதற்குள் அவளும் வந்துவிட்டாள்.

"என்னம்மா இது? தாள் எங்க?"

"நேற்றுக் காலமையே கழட்டிப்போட்டன் அக்கா. மூடிக் கட்டின சாமானை எப்பிடிச் சாமிக்கு முன்னால வைக்கிறது? அவர் பார்க்க வேண்டாமே?"

"அவரு பாத்தாரு. கூடவே சூரியனும் பாத்திருச்சு."

அவள் ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தாள். ஒப்பிடுவதற்காக அதே நாளில் செய்து வைத்திருந்த, கூடில்லாத வெறும் சாறு உள்ளே இருட்டில் பத்திரமாக இருந்தது.

"எதிர்க்கட்சிய நெழல்ல படுக்க வச்சிட்டு, உங்க ஆள வெயில்ல நிக்க வச்சிருக்கீங்க," என்றேன்.

"ரெண்டையும் இருட்டிலதான் வச்சதெண்டு சொல்லுவமே அக்கா?"

"வேணாம். நடந்தத சொல்லிட்டே செய்வோம்."

பேராசிரியரிடம் அவளே சொன்னாள். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சோதனைக்கான ஊதா நிறத் திரவத்தை இரண்டு குழாய்களில் ஊற்றினேன். சாற்றில் வலு மிச்சமிருந்தால் ஊதா மஞ்சளாகும். அந்தத் திரவத்திலுள்ள மெதனோல் என்ற கரைப்பானே கூடுகளை உடைத்துச் சாற்றை வெளியே விட்டுவிடும். வெறும் சாற்றை விட்டேன். ஊதா அப்படியே கிடந்தது; இருட்டில் இருந்தும் காற்றுப் பட்டே அதன் வலு போயிருந்தது. வெயில் பட்டதை விட்டபோது முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, மலையில் பனி விலகுவதுபோல், ஊதா அடியிலிருந்து மெல்லக் கரையத் தொடங்கியது. முழு மஞ்சள் வரவில்லை. காய்ந்த வைக்கோலின் நிறத்தோடு நின்றது. மூவரும் குனிந்து அந்தக் குழாயையே பார்த்திருந்தோம்.

"வெயில்ல கெடந்தும் இவ்வளவு இருக்கா?" என்றார் பேராசிரியர். "இத கணக்குல எடுக்க ஏலாது. புதுசா செஞ்சு, ஒழுங்கா திரும்பப் பாருங்க. ஆய்வ நீட்டிக்க நான் எழுதுறேன். பிள்ளையார மட்டும் ஜன்னல்ல இருந்து எடுத்துருங்க."

அவள் தாழ்வாரத்துக்குப் போய்ப் போனை எடுத்தாள். குரல் எனக்குக் கேட்டது.

"அம்மா, நான் இப்ப ஊருக்கு வரமாட்டன்."